பதினெட்டுக் குழியும் பூட்டிய கேட்டும்

சென்னையின் வெளிவட்டச் சாலை வண்டலூரில் தொடங்கி 62 கிலோமீட்டர் ஓடி மீஞ்சூரில் முடிகிறது என்பது அரசாங்கக் கணக்கு. மீஞ்சூருக்குப் பக்கத்து அத்திப்பட்டுக்காரர்களுக்கு அது மீஞ்சூரில் தொடங்கி வண்டலூரில் முடிகிற சாலை. காமராஜர் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கன்டெய்னர் லாரிகள் நகர நெரிசலில் மாட்டாமல் நசரத்பேட்டைக்குப் போய் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. அந்த லாரிகளின் பின்னாலேயே ஒரு காரில் கோல்ஃப் மட்டைகளைப் போட்டுக்கொண்டு கிளம்பினால், தென்னிந்தியாவின் பேர்பெற்ற மைதானங்களை ஒரே சுற்றில் ஆடிவிட்டுத் திரும்பலாம். கோலார் தங்கவயல், பெங்களூரு, கோயம்புத்தூர், வெலிங்டன், ஊட்டி, கொடைக்கானல் என்று வழி தானாகவே வளைந்து போகிறது. கண்ணை மூடுவதற்குள் ஆடிவிட வேண்டிய மைதானங்கள் என்று பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு ஊர் ஊராக வண்டி ஓட்டும் கோல்ஃப் பித்தர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். நம் பக்கத்திலும் பட்டியல் இருக்கிறது, சாலையும் இருக்கிறது. அந்தச் சாலையில் யாருக்குக் கேட் திறக்கும் என்பதில்தான் சிக்கல். கோல்ஃப் மைதானங்களைக் கைப்பற்றி வேறு வேலைக்குக் கொடுத்துவிடலாம் என்கிறது ஒரு கட்சி. பாரம்பரியம், தொடாதே என்கிறது இன்னொரு கட்சி. இரண்டுக்கும் கண்ணில் படாதது ஒன்று உண்டு: பொதுமக்களுக்குத் திறக்காத மைதானத்தைக் காப்பாற்ற, ஆபத்து வரும் நாளில் யாரும் வரமாட்டார்கள். கோல்ஃப் இங்கே பிழைக்க வேண்டுமானால் அது கிளப்பின் சொத்தாக இல்லாமல் ஊரின் சொத்தாக மாற வேண்டும்.

முதலில் அந்த வழியில் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம். சித்தூர், பலமனேர் தாண்டினால் கோலார் தங்கவயல். இங்கிலாந்தின் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கம் தோண்டிய காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்காக 1885-ல் ஏற்பட்டது கே.ஜி.எஃப் கிளப். வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போன தமிழர்கள்தான் பூமிக்கடியில் இறங்கினார்கள், மேலே கோல்ஃப். மற்ற மைதானங்களில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய பசும்புல் இருக்கும், அதை 'கிரீன்' என்பார்கள். தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன கோலாரில் அதற்கு வழியில்லை. மணலில் எண்ணெய் கலந்து கெட்டிப்படுத்திய பழுப்பு நிறத் தரைதான், பெயரும் 'பிரவுன்'. அதில் நடந்தால் காலடித் தடம் விழும். பந்து போகிற வழியைப் பலகையால் இழுத்துச் சமன் செய்துவிட்டுத்தான் உருட்ட வேண்டும். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். சயனைடு கலந்த கழிவு மண் மேடுகள் ஊருக்கு நடுவே அப்படியே நிற்கின்றன, வேலை போன குடும்பங்கள் தினமும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றன. பட்டியல் போடுகிற எவரும் தங்கவயலை முதல் பத்தில் சேர்க்கமாட்டார்கள். ஆனால் கோல்ஃப் எப்படி இந்த மண்ணுக்கு வந்தது, யாருடைய உழைப்பின் மேல் விரித்த புல் அது என்று தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான முதல் நிறுத்தம் கிடையாது.

மிச்சமுள்ள நிறுத்தங்களும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கின்றன. பெங்களூரு கோல்ஃப் கிளப் 1876-ல் ராணுவக் குடியிருப்பின் நிழலில் வந்தது. வெலிங்டன் ஜிம்கானா 1873-ல் தொடங்கிய ராணுவத்துக் கிளப். தோடர்களின் எருமைகள் மேய்ந்த நீலகிரிப் புல்வெளிக்கு வென்லாக் டவுன்ஸ் என்று பெயரிட்டு அதில்தான் ஊட்டி மைதானத்தை அமைத்தார்கள். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-ல் பிறந்தது. இன்றைக்கும் ஆட்டத்துக்கு நடுவே காட்டுமாடு வந்து நின்றால் அது நகரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கோயம்புத்தூர் செட்டிபாளையம் மட்டும் சுதந்திரத்துக்குப் பிந்திய, உள்ளூர்த் தொழிலதிபர்கள் காலத்துச் சமாச்சாரம். பக்கத்திலேயே கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதால் கார் பித்துக்கும் கோல்ஃப் பித்துக்கும் ஒரே ஊரில் தீனி கிடைக்கும். விளையாட்டாக மட்டும் பார்த்தால் இது அருமையான பயணம். கடல் மட்டத்தில் அடித்த அதே அடி, 2,200 மீட்டர் உயரத்து ஊட்டியின் மெல்லிய காற்றில் எட்டு ஒன்பது சதவீதம் கூடுதலாகப் பறக்கும், அதனால் மட்டையை மாற்றிக் கணக்குப்போட வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுக்க வேண்டும். மலைக்குள் நுழையவே அனுமதிச் சீட்டு என்று கோல்ஃப் ஆட்டக்காரர் சலித்துக்கொண்டால், மைதானத்துக்கு வெளியே நிற்கிறவன் எத்தனை காலமாக அதே சலிப்போடு இருக்கிறான் என்பதையும் யோசிக்கலாம்.

உலகப் பட்டியலின் தலையில் இருக்கும் இடத்தைப் பார்த்தால் நம் கிளப்புகள் கட்டிக்காக்கும் பாரம்பரியம் எவ்வளவு அரைகுறையானது என்று தெரியும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலுள்ள பழைய மைதானத்தில் ஒருமுறையாவது ஆடிவிட வேண்டும் என்று நினைக்காத கோல்ஃப் ஆட்டக்காரர் இருக்கமாட்டார். ஆனால் அது எந்தக் கிளப்புக்கும் சொந்தமில்லை. கடலுக்கும் வயலுக்கும் நடுவே பயிருக்கு உதவாமல் கிடந்த மணல்மேட்டுப் புல்வெளி அது. அங்கே ஆட ஊர் மக்களுக்கு உரிமை உண்டு என்பதை 1552-ம் ஆண்டின் சாசனமே ஒப்புக்கொள்கிறது. 1797-ல் நகராட்சி திவாலானபோது நிலம் கைமாறி முயல் வளர்ப்பவர்களிடம் போனது. முயல்கள் குழி பறித்துத் தள்ள, ஆடுகிறவர்களும் முயல்காரர்களும் இருபது வருடத்துக்கு மேல் கோர்ட்டிலும் களத்திலும் மோதினார்கள். 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அதை வாங்கி ஆட்டத்துக்கு விட்டார். 1894-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் துணையோடு ஊரே திரும்ப வாங்கியது. 1974-ல் இன்னொரு சட்டம் வந்து அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் ஒப்படைத்தது. விளையாட்டின் விதிகளை நெடுங்காலம் வகுத்த புகழ்பெற்ற கிளப்பின் கட்டடம் முதல் குழிக்கு நேரெதிரே இருக்கிறது. ஆனாலும் மைதானம் அதனுடையது அல்ல. முதல் குழியையும் பதினெட்டாவது குழியையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பொதுப்பாதை கடற்கரைக்குப் போகிறது. உலக சாம்பியனே மட்டையை ஓங்கி நின்றாலும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகும் அம்மா கடக்கும்வரை நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பொதுவாக ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயோடு உலாவும் பூங்கா அது. வெளியூர்க்காரர் ஆட வேண்டுமானால் குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். விழுந்தால் ஆட்டம், விழாவிட்டால் அடுத்த நாள் மறுபடி. உள்ளூர்க்காரர்கள் வருடத்துக்கு ஒரு சீட்டு வாங்கினால் போதும்.

பணக்கார நாட்டுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகும் என்று தோன்றலாம். ஆனால் அமெரிக்கா வறுமையின் அடிமட்டத்தில் கிடந்தபோது கட்டியதுதான் நியூயார்க் லாங் ஐலண்டின் பெத்பேஜ் பிளாக் மைதானம். 1930-களின் பெருமந்தத்தில் வேலையில்லாதவர்களுக்கு நிவாரண வேலை கொடுத்து, மாநிலப் பூங்காவுக்குள் எழுப்பி 1936-ல் திறந்தார்கள். 2002-ல் யு.எஸ். ஓப்பன் அங்கே நடந்தது. இரவே போய் வரிசை போட்டு, பார்க்கிங்கில் காருக்குள்ளேயே படுத்துத் தூங்கி, விடிந்ததும் டோக்கன் வாங்கி ஆடுகிற மெக்கானிக்கும் வாத்தியாரும் அந்த மைதானத்தின் பெருமை. முதல் குழிக்குப் பக்கத்தில் தொங்கும் பலகை, இது மிகக் கடினமான மைதானம், கைதேர்ந்தவர்கள் மட்டும் ஆடுங்கள் என்று எச்சரிக்கிறது. தேர்ச்சியைப் பற்றித்தான் கவலை. மெம்பரா என்று கேட்கவில்லை.

இப்போது கிண்டிக்கு வருவோம். சென்னையில் 1884-ல் தொடங்கிய ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலுக்குள் இருந்தது. பந்தய ஓடுபாதைக்கு நடுவே பதினெட்டுக் குழிகள். திடல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் கையில் இருந்த அரசு நிலம். 160 ஏக்கருக்கு மேல், 99 வருடக் குத்தகை, 1940-களில் நிர்ணயித்த ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். வாடகையை உயர்த்தியதில் வந்த தகராறு வருடக்கணக்காக நீடித்து, 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்று அரசு கணக்குக் காட்டி, 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து கேட்டுக்கு சீல் வைத்தது. பசுமைப் பூங்காவுக்காக 118 ஏக்கரைத் தோட்டக்கலைத் துறைக்குக் கொடுத்தார்கள். வேளச்சேரிப் பக்கத்து வெள்ளத்தைத் தணிக்கக் குளங்கள் வெட்டினார்கள். உள்குத்தகையில் இருந்த கோல்ஃப் தரப்பும் ரேஸ் கிளப்பும் கோர்ட்டுக்குப் போயின. ஊட்டி குதிரைப் பந்தயத் திடலையும் அதே ஆண்டு அரசு எடுத்துக்கொண்டது. நூறு வருடத்துக்கு மேல் புழங்கிய ஒரு மைதானத்தில் மண்வெட்டி இறங்கியபோது நகரம் என்ன செய்தது? கிளப் மெம்பர்களைத் தவிர வருத்தப்பட ஆளில்லை. வேளச்சேரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவனுக்கு அது ரயிலிலிருந்து மதிலுக்கு மேலாகத் தெரியும் பச்சை, அவ்வளவுதான். அவன் ஒருநாளும் உள்ளே கால் வைத்ததில்லை. வாடகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பது கோர்ட் தீர்க்க வேண்டிய விஷயம். ஆனால் மதில் இல்லாமல் இருந்திருந்தால், வார நாட்களில் ஐந்து மணிக்குப் பிறகாவது நடக்கவும் மட்டை பிடித்துப் பழகவும் ஊருக்கு விட்டிருந்தால், மண்வெட்டி இறங்கிய அன்று மதிலுக்கு வெளியிலிருந்தும் நாலு குரல் எழுந்திருக்கும்.

இதற்கு வலுவான ஆட்சேபம் உண்டு. பொது மைதானம் என்றால் பிழைத்துவிடுமா? சிங்கப்பூரின் மரீனா பே மைதானம் யார் வேண்டுமானாலும் காசு கட்டி ஆடக்கூடிய பொது மைதானம்; 2024 ஜூனில் மூடிவிட்டார்கள். சிட்னியின் மூர் பார்க் பொது மைதானத்தைப் பதினெட்டுக் குழியிலிருந்து ஒன்பதாகக் குறைத்து மீதியைப் பூங்காவாக்கப் போவதாக நியூ சவுத் வேல்ஸ் அரசு 2023-ல் அறிவித்தது. தனியார் கிளப்புகளோ சிங்கப்பூரில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன. நியாயமான வாதம்தான், பாதி வரைக்கும். சிங்கப்பூரில் கிளப்புகளும் தப்பவில்லை. ஜூரோங் கன்ட்ரி கிளப் 2016 முடிவில் மூடியது, ராஃபிள்ஸ் 2018-ல், வீடு கட்டுவதற்காக கெப்பல் கிளப்பின் பழைய நிலம் 2022-ல். இதில் ஜூரோங்கை எடுத்தது கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்காக. அந்தத் திட்டமே 2021 தொடக்கத்தில் ரத்தானது வேறு கதை. குத்தகைக்காலம் குறைவு, முடிவு முன்கூட்டியே தெரியும், இழப்பீட்டுக்கு வழி உண்டு என்பதால் அங்கே அது நில நிர்வாகமாக முடிந்தது, கிண்டி மாதிரி அரை நூற்றாண்டுத் தகராறாக இழுக்கவில்லை. சிட்னியில் பொது மைதானத்தை வெட்ட முடிவெடுத்ததும் பொதுப் பூங்காவுக்கே. பாதி கோல்ஃபுக்கே விட்டார்கள். பூங்கா வேண்டும் என்றவர்களும் ஆட்டம் வேண்டும் என்றவர்களும் ஒரே நிலத்துக்கு உரிமைக்காரர்களாக நின்று பேச முடிந்ததால்தான் பாதி பாதி என்று ஒரு முடிவு சாத்தியமானது. பொதுவாக்கினால் மைதானம் சாகாவரம் பெற்றுவிடும் என்று சொல்ல வரவில்லை. அதன் கதி குறித்த பேச்சில் ஊருக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும்.

இன்னொரு ஆட்சேபம் பழக்கமானது: கோல்ஃப் பணக்காரன் விளையாட்டு, சாமானியனுக்கு அது வராது, வேண்டவும் வேண்டாம். இந்திய கோல்ஃபின் வெற்றிப் பட்டியலைப் பார்த்தால் இந்த வாதம் அதிக நேரம் நிற்காது. ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடக்கிற கேடி வேலையிலிருந்து வந்தவர் டெல்லியின் அலி ஷேர். 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார். எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா ராயல் கல்கத்தா மைதானத்தில் புல் பராமரிப்பவர். மகன் 2016-லும் 2017-லும் இந்தியன் ஓப்பனைத் தொடர்ந்து தட்டினார். பெங்களூருக்கு வெளியே ஈகிள்டன் மைதானத்தை ஒட்டிய கிராமத்துப் பையன் சிக்கரங்கப்பா ஆசியச் சுற்றுப் போட்டிகள் வரை போனார். இவர்கள் யாரும் மெம்பர் வீட்டுப் பிள்ளைகள் இல்லை. மதிலுக்கு உள்ளே கூலியாகவோ வேலைக்காரர் பிள்ளையாகவோ நுழைய முடிந்தது, அது ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. பின்வாசல் வழியாக வந்த ஒரு கைப்பிடி ஆட்களே இத்தனை கோப்பைகளைக் கொண்டுவந்தால், முன்வாசல் திறந்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று கேட்பது பேராசை ஆகாது. 1829-லேயே ராயல் கல்கத்தா வந்துவிட்ட நாடு இது. பிரிட்டனுக்கு வெளியே அவ்வளவு பழைய கோல்ஃப் கிளப் வேறு கிடையாது. ஆனாலும் இங்கே கோல்ஃப் இன்னும் வெளியூர் ஆசாமி மாதிரிதான் இருக்கிறது. மாறாத இந்த இருப்புக்கு விளையாட்டைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை.

வடசென்னைக்கு கோல்ஃபா என்று சிரிப்பவர்கள் வடசென்னையைக் கவனிக்காதவர்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். இந்திய அணிக்கு ஆடிய நந்தகுமார் சேகர் வியாசர்பாடியில் கால்பந்து பழகியவர். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் குத்துச்சண்டை பரம்பரைப் பெருமை. கேரம் போர்டு தெருமுனை மன்றத்தில் கிடக்கிறது, பந்துக்கு ஒரு திடல் இருக்கிறது, குத்துச்சண்டைக்கு ஒரு கொட்டகை போதும். கைக்கெட்டும் தூரத்தில் எது இருந்ததோ அதில் இந்தப் பகுதி ஆள் அனுப்பியிருக்கிறது. திருவொற்றியூரில் புல்லட் செய்தார்கள், டயர் செய்தார்கள். எண்ணூரில் லாரி செய்கிறார்கள். அந்தத் தொழிற்சாலைகளின் வேலையாட்கள் குடியிருக்கும் ராயபுரம் முதல் மீஞ்சூர் வரையிலான நீளத்தில் மட்டை பிடித்துப் பார்க்க ஒரு இடம் கிடையாது. 1873-ல் இந்தியருக்கும் இடமுண்டு என்று தொடங்கிய காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானம் நந்தனத்தில். டெல்லி நகர வளர்ச்சி ஆணையம் 2000-ல் குதுப் மினாருக்குப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி ஆடும் மைதானத்தைத் திறந்தது. நாட்டின் முதல் பொது கோல்ஃப் மைதானம் என்று பெயர். அதோடு நிற்காமல், வடக்கு டெல்லியில் குப்பை மலைக்குப் பேர்போன பல்ஸ்வாவிலும் ஏரிக்கரையில் ஒன்றை அமைத்தது. கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் பெயரைச் சொன்னாலே மூக்கைப் பிடிக்கும் நம்மூர் திட்டக்காரர்கள், குப்பை மலையின் கீழே கோல்ஃப் கொடி நட்ட ஊரை ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம்.

இங்கே ஒரு கவர்ச்சியான யோசனை தானாக முளைக்கும்: அத்திப்பட்டைச் சுற்றித்தான் இவ்வளவு சாம்பல் நிலம் கிடக்கிறதே, அதன்மேல் மண்ணைப் போட்டு மைதானமாக்கினால் என்ன? அமெரிக்காவின் மொன்டானாவில் செய்தார்கள். அனகோண்டா ஊரின் தாமிர உருக்காலை 1980-ல் மூடியது, நச்சுக் கழிவு நிலம் என்று மத்திய அரசு அறிவித்தது, கழிவுக்குப் பொறுப்பான நிறுவனத்தின் செலவில் மண்மூடி, வடிகால் அமைத்து, ஜாக் நிக்லாஸ் வடிவமைத்த மைதானத்தை 1997-ல் திறந்தார்கள். மணல் பள்ளங்களில் மணலுக்குப் பதில் உருக்காலையின் கறுப்புக் கசடு. 178 மீட்டர் உயரப் புகைபோக்கி இன்னும் ஊருக்கு மேலே நிற்கிறது. மைதானம் கவுண்டி நிர்வாகத்துக்குச் சொந்தம். பார்க்கப் பார்க்க ஆசை வரும். ஆனால் எண்ணூருக்கு அப்படியே பொருந்தாது. இங்கே அனல்மின் நிலையச் சாம்பல் தனியே ஒரு மேட்டில் மட்டும் தேங்கி நிற்கவில்லை. குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. செப்பாக்கம் மாதிரி ஊர்களைச் சாம்பல் குளம் வளைத்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் வந்து சேர்ந்தது. ஆற்றில் கிடப்பதை அகற்ற வேண்டும், மூடக்கூடாது. இறாலும் நண்டும் பிடித்து வாழ்கிற மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் அது வயிற்றுப்பாடு. அதை மறைத்துப் பச்சை போர்த்தினால் ஆலைக்காரர்களின் வேலை சுலபமாகும், ஆறு செத்ததும் வெளியே தெரியாது. காட்டுப்பள்ளியின் மணல்மேடுகளைப் பார்க்கிற கோல்ஃப்காரருக்கு செயின்ட் ஆண்ட்ரூஸ் ஞாபகம் வரலாம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழி, நடுவே மணல். துறைமுக விரிவாக்கத்துக்கு 6,000 ஏக்கருக்கு மேல் கேட்டபோது மக்கள் அந்த மணலுக்காகத்தான் எழுந்து நின்றார்கள். அவர்களிடம் போய், துறைமுகம் வேண்டாம், கோல்ஃப் தருகிறோம் என்று சொல்வதற்கு நிறைய துணிச்சல் வேண்டும். ஸ்காட்லாந்தின் உதாரணத்திலிருந்து எடுக்க வேண்டியது மணலை அல்ல. ஊர் உரிமையைச் சட்டத்தில் எழுதிவைத்த காரியத்தை.

தண்ணீர்க் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. வெயில் ஊரில் பதினெட்டுக் குழி மைதானம் தினமும் லட்சக்கணக்கான லிட்டர் குடிக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைக் காட்டுப்பள்ளியில் வைத்துக்கொண்டு, குடத்தோடு நிற்கும் தெருக்களுக்கு நடுவே புல்லுக்குப் பாய்ச்சுவது அசிங்கம். ஆனால் கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்டது. அதில் சிறு துளி எடுத்தால் இருபது, இருபத்தைந்து ஏக்கரில் ஒன்பது குறுங்குழி மைதானம் ஒன்றைப் பசுமையாக வைக்கலாம். அதுவும் முடியாதென்றால் கோலாரின் பழுப்பு மணல்தரை இருக்கவே இருக்கிறது, தண்ணீரே கேட்காது. பட்டியலில் இடம்பிடிக்கும் பிரமாண்ட மைதானம் வடசென்னைக்குத் தேவையில்லை. பந்துக் கூடைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, மட்டையை வாடகைக்குக் கொடுத்து, அடித்துப் பழகவிடும் ஒரு திடலும், பள்ளிப் பிள்ளைகள் மாலையில் நடந்துவந்து ஆடக்கூடிய சில குழிகளும் போதும். வேளச்சேரி நீச்சல் குளத்தையும் நுங்கம்பாக்கம் டென்னிஸ் மைதானத்தையும் நடத்துகிற மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு இது புரியாத தொழிலும் இல்லை.

உடை, நடத்தை, ஒழுங்கு எல்லாம் கெட்டுப்போகும் என்பது கிளப் தரப்பின் கடைசி அரண். 2014-ல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி கட்டிவந்தார் என்று சேப்பாக்கத்துக் கிரிக்கெட் சங்கக் கிளப்பில் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஒரே மாதத்தில் சட்டமன்றம் சட்டம் போட்டது. வேட்டிக்காக யாரையும் தடுக்கக்கூடாது என்று. எந்தக் கிளப்பும் அதனால் இடிந்து விழவில்லை. பெத்பேஜில் காருக்குள் தூங்கி எழுந்து வருகிறவன் கசங்கிய சட்டையோடுதான் ஆடுகிறான், மைதானம் யு.எஸ். ஓப்பன் நடத்துகிறது. ஒழுங்கு என்பது குழியருகே புல்லைக் கிழிக்காமல் நடப்பது, முன்னால் ஆடுகிறவர் நகரும்வரை அடிக்காமல் இருப்பது, பள்ளமாக்கிய மணலைச் சமப்படுத்துவது. இதை வேட்டி கட்டியவருக்கும் சொல்லிக்கொடுக்கலாம், காலர் வைத்த சட்டைக்காரருக்கும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகவே அத்திப்பட்டிலிருந்து மட்டையோடு கிளம்புகிறவர் வழியில் ஒரு வேலை செய்யலாம். ஒவ்வொரு மைதானத்திலும் ஆட்டத்தின் தரத்தோடு மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளட்டும்: நிலம் யாருடையது, குத்தகை எப்போது முடிகிறது, வெளியாள் ஒருவர் என்ன செய்தால் உள்ளே வர முடிகிறது. கிண்டியின் மெம்பர்கள் இந்த மூன்றையும் முன்கூட்டியே யோசித்து, வாரத்தில் இரண்டு நாள் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டு, வாடகையையும் காலத்துக்கு ஏற்றபடி பேசி முடித்திருந்தால், இப்போது பூங்காவுக்குக் கொடுத்த 118 ஏக்கருக்குள் ஒன்பது குழியாவது கேட்டு வாங்கும் தகுதி அவர்களுக்கு இருந்திருக்கும். அந்தக் கோரிக்கையை இப்போதும் வைக்கலாம், ஆனால் கிளப்பின் பெயரில் அல்ல. வைக்கிற இடம் கோர்ட்டும் அல்ல. தோட்டக்கலைத் துறையும் விளையாட்டு ஆணையமும் உட்காரும் அதே மேஜை. ஊட்டி, கொடைக்கானல், வெலிங்டன் கிளப்புகளும் குத்தகைப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிப் படிக்க வேண்டிய நேரம் இது.